ஊர்காவற்றுறைத் தீவுகளில் ஞானஸ்நானம்: ஒரு வரலாற்று நோக்கு

நீரைப் புனிதப் பொருளாகக் கொள்ளாத சமயம் உலகில் அரிது. கங்கையும் காவிரியும் கீரிமலைத் தீர்த்தமும் சைவர்க்குப் புனிதமானவை. தொழுகைக்கு முன் செய்யும் வுழூ இசுலாமியர்க்கு இன்றியமையாதது. கிறிஸ்தவர்க்கோ ஞானஸ்நானமே சமய வாழ்வின் வாயிலாகும். எனினும் ஏனைய நீராட்டுகளிலிருந்து ஞானஸ்நானம் ஒரு வகையில் வேறுபடுகின்றது. தீர்த்தமாடுதல் ஆண்டுதோறும் நிகழலாம். வுழூ நாடோறும் பலமுறை செய்யப்படலாம். ஞானஸ்நானமோ ஒருவரது வாழ்நாளில் ஒரு முறையே நிகழ்வது. பெற்றபின் அதனை மீளப் பெறுதலோ, பெற்றதை இல்லையென ஆக்குதலோ இயலாது என்பது திருச்சபையின் போதனை.

இவ்வாறு அழியாதது எனக் கருதப்படும் ஓர் அடையாளம், அரசின் கையிலுள்ள பதிவேட்டில் ஒரு வரியாக மாறும்போது அதன் பொருள் யாதாகின்றது? இவ்வினாவிற்கு விடை காண்பதற்கு ஈழத்தின் வடபால் அமைந்த தீவுகள் தக்க களமாகும். ஊர்காவற்றுறையும் அதனைச் சூழ்ந்த தீவுகளும் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்னும் மூன்று ஐரோப்பிய ஆட்சியினரையும் கண்டவை. அவர்கள் ஒவ்வொருவரின் காலத்திலும் அதே நீர், அதே திரித்துவ வாய்பாடு, ஆயினும் வெவ்வேறு பொருள் என்ற நிலை காணப்பட்டது. அப்பொருள் மாற்றத்தை வரலாற்றடிப்படையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சடங்கின் மூலப்பொருள்

கிரேக்க மொழியில் இச்சடங்கைக் குறிக்கும் சொல் அமிழ்த்துதல், தோய்த்தல் என்னும் பொருளினது. யோர்தான் ஆற்றில் யோவான் அளித்த முழுக்கு மனந்திரும்புதலின் அடையாளமாயிருந்தது. இயேசுவும் அம்முழுக்கைப் பெற்றார் எனச் சுவிசேடங்கள் கூறுகின்றன. ஆதித் திருச்சபை இதற்கு மேலும் ஆழ்ந்த பொருளைக் கண்டது. உரோமருக்கு எழுதிய திருமுகத்தில் பவுல், நீருள் மூழ்குதலைக் கிறிஸ்துவுடன் இறந்து அடக்கம் செய்யப்படுதலாகவும், நீரினின்று எழுதலைப் புதுவாழ்வுக்கு உயிர்த்தலாகவும் விளக்குகின்றார். கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில், ஞானஸ்நானம் பெற்றவரிடையே யூதர், கிரேக்கர் என்றோ, அடிமை, சுதந்திரர் என்றோ, ஆண், பெண் என்றோ வேறுபாடில்லை என்னும் கருத்தினை வலியுறுத்துகின்றார். இவ்விரு கருத்துகளும் மனங்கொள்ளத்தக்கவை. முன்னையது தனிமனிதனின் உள்ளத்தைப் பற்றியது. பின்னையது சமுதாயத்தைப் பற்றியது.

நீரின் அளவையும் வகையையும் பற்றி ஆதித் திருச்சபை கடும் விதி எதனையும் விதிக்கவில்லை. 1873 இல் கண்டெடுக்கப்பட்டு 1883 இல் வெளியிடப்பட்ட 'தித்தகே' என்னும் பழைய நூல், ஓடும் நீரில் முழுக்களித்தல் சிறந்தது என்கின்றது. அஃதில்லையேல் வேறு நீரும், அதுவும் போதாதாயின் தலைமீது மும்முறை ஊற்றுவதும் போதும் என்கின்றது. பேராறுகள் எவையும் இல்லாத, சுண்ணக்கற் பாறையினிடையே ஊறும் கிணற்று நீரையே நம்பி வாழும் தீவுகளுக்கு இவ்விதி மிகவும் பொருந்துவதாகும். நன்னீர் கிடைக்கும் கிணறு அருமையான உடைமையாகவும், உவர்நீர்க் கிணறு பலராலும் விலக்கப்படுவதாகவும் உள்ள இம்மண்ணில், சிறிதளவு நீரே மறுபிறப்பின் அடையாளமாதல் எளிதில் உணரப்படக்கூடியது.

பிற்காலத்தில் இருபெரும் பிரச்சினைகள் எழுந்தன. நம்பிக்கையைத் தானே அறிக்கையிட இயலாத குழந்தைக்கு ஞானஸ்நானம் அளிக்கலாமா என்பது ஒன்று. தகுதியற்ற குரு அளித்த ஞானஸ்நானம் செல்லுமா என்பது மற்றையது. வட ஆபிரிக்காவில் தொனாத்தியர் எழுப்பிய இரண்டாவது வினாவிற்கு விடையளித்த அகுஸ்தீனார், அருளடையாளத்தின் வலிமை அதனை அளிப்பவரின் தகுதியைச் சார்ந்ததன்று என்றார். இக்கொள்கையின் வழிவந்த கத்தோலிக்க மரபு மேலும் ஒரு படி சென்றது. இன்றியமையாத வேளையில் குருவல்லாத எவரும், நீரையும் திரித்துவ வாய்பாட்டையும் முறையாகப் பயன்படுத்தி, திருச்சபையின் நோக்கத்துடன் ஞானஸ்நானம் அளிக்கலாம் என அது ஏற்றுக்கொண்டது. மருத்துவிச்சியர் முதலியோர் இவ்வாறு அளிப்பதைச் சீர்திருத்தவாதியான கல்வின் மறுத்தார். போதகரே அதனை அளித்தல் வேண்டும் என்றார். ஐரோப்பாவில் இறையியலாளர் நடத்திய இவ்விவாதம் பின்னர் ஈழத்தின் வடகரையில் ஒரு சமூகத்தின் நிலைபேற்றையே தீர்மானித்தது.

துறையும் திருமுழுக்கும்

ஊர்காவற்றுறை பழமையான துறைமுகம். 12 ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு பொறிப்பித்த நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு, பிறநாட்டு வணிகர் வந்திறங்கவேண்டிய துறையாக ஊராத்துறையைக் குறிப்பிடுகின்றது. யானைகளும் குதிரைகளும் ஏற்றிவந்து உடைந்த மரக்கலங்களைப் பற்றிய விதிகளும் அதிலுள்ளன. பொருள்கள் மட்டுமன்றிச் சமயங்களும் வந்திறங்கும் துறையாக இது அமைந்ததில் வியப்பில்லை. யானை ஏற்றுமதித் துறை என்பதனால் போர்த்துக்கேயர் இதனைத் தம் மொழியில் யானைகளின் துறை என்றே அழைத்தனர். துறையைக் குறிக்கும் அவர்களது சொல்லே பின்னர் 'கயிற்ஸ்' எனத் திரிந்து ஆங்கிலத்தில் நிலைபெற்றது.

தமிழ்க் கரைகளில் பெருந்தொகையான ஞானஸ்நானங்கள் 1530 களில் முத்துக்குளித்துறைப் பரவரிடையே தொடங்கின. 1542 இல் அங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், செபங்களைத் தமிழில் மொழிபெயர்ப்பித்து மனனம் செய்தார். ஊர்தோறும் சென்று ஞானஸ்நானம் அளித்தார். முழுக்களித்துக் களைத்த கையைப் பற்றி அவர் தமது கடிதமொன்றிலே குறிப்பிட்டுள்ளார். மன்னார்த் தீவினரும் அவரை வேண்டினர்; அவர் அனுப்பிய குருவிடம் ஞானஸ்நானம் பெற்றனர். அப்பொழுது மன்னார் யாழ்ப்பாண அரசின் கீழ் இருந்தது. 1544 இல் முதலாம் சங்கிலி மன்னாரிற் படையுடன் புகுந்து அப்புதுக் கிறிஸ்தவர்களைக் கொல்வித்தான். கொல்லப்பட்டோர் ஏறத்தாழ 600 பேர் என்பது மரபு. மதம் மாறியோர் போர்த்துக்கேயரின் குடிகளாகவும் மாறிவிடுவர் என்ற அரசியல் அச்சமே இக்கொடுஞ்செயலின் பின்னணி என வரலாற்றாசிரியர் கருதுவர். ஈழத்தின் வடபுலத்தில் ஞானஸ்நானம் தோன்றிய நாள்தொட்டே அது உள்ளத்தின் செய்தி மட்டுமாக இருக்கவில்லை. யாருக்குக் குடி என்னும் வினாவும் அதனுடன் ஒட்டியே வந்தது.

1560, 1591 ஆகிய ஆண்டுகளின் படையெடுப்புகளைத் தொடர்ந்து 1619 இல் பிலிப்பு தெ ஒலிவேரா யாழ்ப்பாணத்தை முற்றாகக் கைப்பற்றினான். இறுதி மன்னனாகிய இரண்டாம் சங்கிலி சிறைப்பட்டுக் கோவாவிற்குக் கொண்டுசெல்லப்பட்டான். அங்கே மரணதண்டனை நிறைவேறுமுன் அவன் ஞானஸ்நானம் பெற்று டொம் பிலிப்பு என்னும் பெயரை ஏற்றான் எனப் போர்த்துக்கேய நூல்கள் கூறுகின்றன. அவன் மனைவியும் ஞானஸ்நானம் பெற்று மார்கரீத்தா எனப் பெயர்பெற்றாள். இச்செய்தியைப் பதிவு செய்தோர் இதனை ஓர் ஆன்மாவின் வெற்றியாகவே எழுதினர். வாளின் நிழலில் நின்ற ஒருவன் நீரை ஏற்றபோது அவன் உள்ளம் எதனை எண்ணியது என்பதை எந்தப் பதிவும் கூறவல்லதன்று. ஆயினும் இங்கு ஒன்று தெளிவாகின்றது. ஞானஸ்நானம் புதுப் பெயரை அளிக்கின்றது. அப்பெயரோ வென்ற அரசனின் பெயராயிருக்கின்றது. நீரின் பொருளும் முடியின் பொருளும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்துவிட்டன.

போர்த்துக்கேயர் காலத்தில் பிரான்சிஸ்கன் சபையாரும், 1622 முதல் யேசு சபையாரும் குடாநாட்டிலும் தீவுகளிலும் பணியாற்றினர். கோயில்கள் இடிக்கப்பட்டன, தேவாலயங்கள் எழுந்தன. மக்கள் கூட்டங் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றனர். வற்புறுத்தலாற் பெற்றவரும், சலுகை நாடிப் பெற்றவரும், உண்மையான பற்றினாற் பெற்றவரும் அக்கூட்டத்தில் இருந்திருத்தல் வேண்டும். அவர்களை வேறுபடுத்திக் காட்டும் சோதனை பின்னரே வந்தது.

தோம்பில் எழுதப்பட்ட நீர்

1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை நோக்கி வந்தபோது, ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலினுள் நிற்கும் கோட்டையை முற்றுகையிட்டனர். கோட்டையின் குடிநீர் இருப்பு அழிக்கப்பட்டமையால் இரு வாரங்களளவில் போர்த்துக்கேயர் பணிந்தனர். நாற்புறமும் நீர் சூழ நின்றோர் நீரின்மையாற் சரணடைந்தமை தீவு வாழ்க்கையின் இயல்பினைக் காட்டும் நிகழ்ச்சியாகும். ஒல்லாந்தர் அக்கோட்டைக்கு ஹம்மன்ஹீல் எனப் பெயரிட்டனர். தீவுகளுக்கும் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். ஊர்காவற்றுறைத் தீவு லெய்டன் ஆயிற்று. காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ற் எனப் பெயர் பெற்றன. இப்பெயர்கள் ஒல்லாந்தரின் படங்களிலும் ஆவணங்களிலும் வழங்கின. மக்கள் நாவில் ஏறவில்லை. நெடுந்தீவுக்கு இட்ட பெயர் மட்டும் ஆங்கில வழக்கில் எஞ்சியது. இடங்களுக்கு இட்ட பெயர்களுக்கு நேர்ந்ததே பெரும்பாலும் மனிதருக்கு இட்ட பெயர்களுக்கும் நேர்ந்தது.

ஒல்லாந்தர் சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்தவர்கள். கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்தனர். கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் அளிப்பது மரணதண்டனைக்குரிய குற்றம் என 1658 இலேயே கட்டளை பிறப்பித்தனர். போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற ஆலயங்களைத் தமதாக்கிப் பாடசாலையுடன் கூடிய கோவிற்பற்றுகளாக நடத்தினர். ஒவ்வொரு பாடசாலையிலும் ஞானஸ்நானம், விவாகம் ஆகியவற்றைப் பதியும் தோம்பு பேணப்பட்டது. விவாகம் சட்டப்படி செல்லுபடியாதலும், பிள்ளை முறையான பிள்ளையெனக் கருதப்படுதலும், முதுசம் பெறுதலும், அரச உத்தியோகம் வகித்தலும் இப்பதிவைச் சார்ந்திருந்தன. எனவே காணி உடைய குடும்பத்தினர் குழந்தையைப் போதகரிடம் கொண்டுசெல்லாமல் இருத்தல் எளிதன்று. குடியியல் வாழ்வின் வாயிலாக ஞானஸ்நானம் மாறியது.

1658 முதல் சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்திற் பணியாற்றி, 1672 இல் தம் பெருநூலை வெளியிட்ட பிலிப்பு பல்தேயு போதகர், 1660 களின் தொடக்கத்தில் இப்பகுதியில் 62,000 இற்கும் மேற்பட்ட கிறிஸ்தவர் இருந்தனர் எனவும், 12,000 இற்கும் மேற்பட்ட குழந்தைகள் ஞானஸ்நானம் பெற்றனர் எனவும் கணக்குக் காட்டுகின்றார். அக்கணக்கில் அடிமைகள் தனியே எண்ணப்பட்டுள்ளனர். அடிமையென்றும் சுதந்திரனென்றும் வேறுபாடில்லை என்று பவுல் கூறிய அதே நீரைப் பெற்றோரை, பதிவேடு அடிமையென்றும் சுதந்திரனென்றும் பிரித்தே எழுதியது.

ஒல்லாந்தத் திருச்சபை இதன் ஆபத்தை அறியாதிருந்தது எனக் கூறமுடியாது. 1618 இல் தொர்த்ரெக்டில் கூடிய அதன் புகழ்பெற்ற மகாசங்கம், கீழைத்தேயங்களில் கிறிஸ்தவரல்லாதார் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் அளிக்கலாமா என ஆராய்ந்தது. போதனை பெற்று நம்பிக்கையை அறிக்கையிடத்தக்க பருவம் வரும்வரை அளித்தலாகாது என்பதே பெரும்பான்மையோர் முடிபாயிற்று. கொள்கை இவ்வாறிருக்க, நடைமுறை வேறாயிற்று. கும்பனி ஆட்சிக்குப் பதிவேடு வேண்டும். குடிகளுக்குப் பதிவு வேண்டும். இரு தேவைகளும் சந்தித்த இடத்தில் போதனை பின்தள்ளப்பட்டது. எனினும் இராப்போசனத்திற்கு ஆட்களை அனுமதிப்பதிற் போதகர் கண்டிப்பாக இருந்தனர். இதனால் ஞானஸ்நானம் பெற்றவர் தொகைக்கும், இராப்போசனத்தில் பங்குபெறும் முழு உறுப்பினர் தொகைக்கும் இடையே பெரும் பிளவு தோன்றியது. 1850 இல் ஈழத்துக் கிறிஸ்தவத்தைப் பற்றி எழுதிய எமர்சன் தெனன்ற் தரும் எண்கள் இதனை நன்கு புலப்படுத்தும். 1760 இல் யாழ்ப்பாணத்திற் கிறிஸ்தவராகப் பதியப்பட்டோர் 1,82,226 பேர். அவருள் திருச்சபையின் முழு உறுப்பினராயிருந்தோர் 64 பேர் மட்டுமே.

இவ்வெண்களைக் கண்டு நகைப்பது எளிது. ஆயின் தோம்பில் பெயர் பதிந்த குடியானவனை வேடதாரி எனப் பழித்தல் வரலாற்று நீதியாகாது. தன் காணியையும் பிள்ளையின் உரிமையையும் காக்க அவனுக்கு வேறு வழி வைக்கப்படவில்லை. தன் வழிபாட்டை அவன் வீட்டினுள்ளும் ஊர்ப்புறத்தும் காத்துக்கொண்டான். ஒல்லாந்தர் பிடி தளர்ந்த 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அவர்கள் ஆட்சி முடிவதற்கு முன்னரே ஆலயங்கள் மீண்டும் எழலாயின. போர்த்துக்கேயர் காலத்தில் அழிக்கப்பட்டதாகக் கூறப்படும் நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆலயம் 1788 இல் மீளமைக்கப்பட்டது. வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலும் ஏறத்தாழ அக்காலத்ததே. பதிவேட்டின்படி கிறிஸ்தவ நாடாகத் தோன்றிய நிலத்தில் இவ்வாலயங்கள் எழுந்தன என்பதிலிருந்தே பதிவேட்டின் உண்மைப் பெறுமதி விளங்கும்.

இரவிற் பெற்ற நீர்

இதே காலத்தில் பதிவேட்டிற்குப் புறம்பாக வேறோர் ஞானஸ்நானமும் நிகழ்ந்துகொண்டிருந்தது. போர்த்துக்கேயர் சென்றபின் கத்தோலிக்கர்க்குக் குருமார் இல்லை. குருவின்றித் திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. ஆயினும் மேலே கூறப்பட்ட கத்தோலிக்கக் கொள்கையின்படி ஞானஸ்நானத்திற்குக் குரு இன்றியமையாதவர் அல்லர். மூப்பர், அண்ணாவி, சங்கிலித்தாம் என்றெல்லாம் வழங்கப்பட்ட பொதுநிலைத் தலைவர்கள் செபங்களைச் சொல்லிக்கொடுத்தனர். குழந்தைகளுக்கு நீர் வார்த்தனர். சீர்திருத்தத் திருச்சபைக்கோ பரந்த நிலப்பரப்பிற்கு விரல்விட்டு எண்ணத்தக்க போதகரே இருந்தனர். கடல் கடந்து தீவுகளுக்குப் போதகர் வரும்வரை அவர்கள் குழந்தை காத்திருக்கவேண்டும். கத்தோலிக்கர்க்கு அக்காத்திருப்பு வேண்டியதில்லை. கல்வினும் அகுஸ்தீனாரின் மரபும் மாறுபட்ட அந்த ஒரு நுணுக்கமே, குருமாரற்ற காலத்திலும் ஒரு திருச்சபை அற்றுப்போகாமல் காத்தது எனலாம்.

குருமார் வரவு மீண்டும் 1687 இல் தொடங்கியது. கோவாவைச் சேர்ந்த யோசவ் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் ஈழத்தில் வந்திறங்கி, யாழ்ப்பாணத்தை அடைந்து, சில்லாலையைத் தளமாகக் கொண்டு இரவுகளில் இரகசியமாகப் பணிபுரிந்தார். கழுத்திற் செபமாலை அணிந்து வீடுதோறும் இரந்து சென்று, அதனைக் கண்டு கொள்வோர் யார் என நோக்கிக் கத்தோலிக்கரை அறிந்தார் என்பது மரபு. 1689 இல் நத்தார் இரவில் வழிபாட்டிற்குக் கூடிய கத்தோலிக்கர்மீது ஒல்லாந்தப் படையினர் பாய்ந்து பலரைச் சிறைப்பிடித்தனர். அடிகளார் தப்பிப் பின்னர் கண்டி இராச்சியம் சென்று 1711 இல் மறையும் வரை பணியாற்றினார். 2015 சனவரி 14 ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

தோம்பிலுள்ள ஞானஸ்நானத்தையும் இரவின் ஞானஸ்நானத்தையும் ஒப்பிட்டு நோக்குமிடத்து வேறுபாடு தெளிவாகும். முன்னையது முதுசத்தையும் பதவியையும் தந்தது. பின்னையது பெற்றவர்க்கு எதனையும் தரவில்லை; சிறையையும் தண்டத்தையும் தரக்கூடியதாயிருந்தது. நீர் ஒன்றே, சொல்லும் ஒன்றே. இறையியலின்படி இரண்டும் செல்லுபடியானவையே. ஆயினும் வரலாற்றில் இரண்டும் ஒன்றாயிருக்கவில்லை.

பயன் நீங்கியபின்

1795 இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. மறு ஆண்டில் ஒல்லாந்தர் ஆட்சி ஈழத்தின் கரையோரம் எங்கணும் முடிவுற்றது. கிறிஸ்தவராயிருக்கவேண்டும் என்னும் நிர்ப்பந்தம் நீங்கியது. 1806 இல் யாழ்ப்பாணம் வந்த கிளாடியஸ் புக்கானன், பாழடைந்து கிடந்த புரட்டஸ்தாந்து ஆலயங்களையும், தரங்கம்பாடி மரபில் வந்த கிறிஸ்தியன் தாவீது என்னும் ஒரே ஒரு தமிழ்ப் போதகரையும் கண்டார். இலட்சத்திற்கு மேற்பட்டோரைக் கொண்ட பதிவேடு ஒரு தலைமுறைக்குள் வெறுங் காகிதமாயிற்று. அதே 1806 இல் தேசாதிபதி மெயிற்லண்ட் கத்தோலிக்கர்மீதிருந்த சட்டத் தடைகளை நீக்கினார். அப்பொழுது கத்தோலிக்கர் மறைவிலிருந்து வெளிவந்தனர். ஊர்காவற்றுறை, கரம்பன், நாரந்தனை, அல்லைப்பிட்டி, மண்டைதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களில் இன்று காணப்படும் கத்தோலிக்கச் சமூகங்கள் அத்தொடர்ச்சியின் பின்புலத்தில் வைத்து நோக்கத்தக்கவை. 1847 முதல் அமலமரித் தியாகிகள் சபையார் வந்து அச்சமூகங்களுக்குப் பங்குகளும் பாடசாலைகளும் அமைத்தனர்.

1816 இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் ஒல்லாந்தரின் அனுபவத்திலிருந்து பாடம் கற்றனர். உள்ள மாற்றத்திற்கான சான்று காணாமல் எவரையும் திருச்சபையிற் சேர்ப்பதில்லை என்பது அவர்களது கொள்கையாயிருந்தது. ஆயினும் புதிய காலத்தில் ஆங்கிலக் கல்வி, காணி முதுசம் போன்றே பயனுள்ள பொருளாயிற்று. மிஷன் பாடசாலையும் அதன் வழிவந்த உத்தியோகமும் ஞானஸ்நானத்தின் அருகே வந்து நின்றன. இந்நிலையையே ஆறுமுக நாவலர் தமது கண்டனங்களிற் சாடினார். வயிற்றுக்காக மதம் மாறுவதை அவர் இகழ்ந்தார். 1854 இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தில், சைவக் கிரியைகளை இகழும் கிறிஸ்தவர் தம் விவிலியத்திலேயே அவற்றை ஒத்த கிரியைகள் உள்ளமையை நோக்கவேண்டும் என வாதிட்டார். நாவலரும் அமெரிக்க மிஷனரிமாரும் எதிரெதிர் அணியினராயினும், இம்மையில் வரும் பயனுக்காகப் பெறும் ஞானஸ்நானம் போலியானது என்னும் ஒரு கருத்தில் உடன்பட்டிருந்தனர் என்பது கவனிக்கத்தக்கது.

நீர் கழுவாதவை

ஞானஸ்நானத்தின் தனிமனிதப் பொருள் இவ்வாறு சோதிக்கப்பட்டதெனில், அதன் சமுதாயப் பொருள் யாதாயிற்று? இதற்கு வரலாறு தரும் விடை மகிழ்ச்சிக்குரியதன்று. ஒரே நீரில் முழுகியோர் ஒரே பந்தியில் அமரவில்லை. யாழ்ப்பாணத்துத் திருச்சபைகளிற் சாதி நெடுங்காலம் நிலவியது. இருக்கையிலும் பாடசாலை அனுமதியிலும் வேறுபாடு பேணப்பட்டது. அடிமை முறை 1844 இல் ஈழத்திற் சட்டப்படி ஒழிக்கப்பட்டது; அதுவரை ஞானஸ்நானம் பெற்ற அடிமை அடிமையாகவே இருந்தான். 1847 இல் வெஸ்லியன் பாடசாலையில் தாழ்த்தப்பட்ட சாதி மாணவன் ஒருவன் சேர்க்கப்பட்டபோது, ஏனைய மாணவர் பலர் வெளியேறினர். அவ்வாறு அனுமதித்த மிஷனரிமாரின் துணிவு பாராட்டற்குரியது. ஆயினும் திருச்சபைகளுக்குள்ளேயே இவ்வேறுபாடு எளிதில் மறையவில்லை. கலாத்தியருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் பொருள், உரோமருக்கு எழுதப்பட்டதன் பொருளைவிட மெதுவாகவே இம்மண்ணில் ஊறியது எனலாம்.

பெயரும் மொழியும்

ஞானஸ்நானத்துடன் வந்த மற்றொரு பிரச்சினை பெயரும் பண்பாடும் பற்றியதாகும். மதுரையில் நோபிலி அடிகளார் தொடங்கிய பண்பாட்டுத் தழுவல் முயற்சி பெரும் விவாதத்திற்குள்ளாயிற்று. 1704 இல் தூர்னோன் வெளியிட்ட ஆணை, ஞானஸ்நானச் சடங்கில் தமிழர் அருவருத்த உமிழ்நீர் பூசுதல் போன்றவற்றை விடலாகாது என்றும், பெறுபவர்க்குப் புனிதர் பெயரையே இடவேண்டும் என்றும் விதித்தது. நீரைப் பெறும் தமிழன் தன் பண்பாட்டையும் அந்நீரிற் கரைத்துவிட வேண்டுமா என்பதே அங்கு உண்மையான வினா.

அவ்வினாவிற்குரிய விடைகளுள் ஒன்று ஊர்காவற்றுறை மண்ணிலேயே தோன்றியது. 1913 இல் கரம்பனிற் பிறந்து, சேவியர் என ஞானஸ்நானப் பெயர் பெற்ற ஒருவர், பின்னாளில் தனிநாயகம் என்னும் தமிழ்ப் பெயரால் உலகெங்கும் அறியப்பட்டார். 1578 இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் முதலிய ஆதித் தமிழ் அச்சு நூல்களை அறிஞருலகின் கவனத்திற்குக் கொணர்ந்தவர் அவரே. 1964 இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றவும், 1966 இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடவும் காரணராயிருந்தவரும் அவரே. குருவாகவும் தமிழறிஞராகவும் 1980 இல் மறையும்வரை அவர் வாழ்ந்தமை, ஞானஸ்நானப் பெயரும் தமிழ்ப் பெயரும் ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை என்பதற்குச் சான்றாகும்.

சொல்லிலும் மாற்றம் நிகழ்ந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின் வழிபாடு தாய்மொழிக்கு மாறியபோது, ஞானஸ்நானம் என்னும் வடசொற்றொடர்க்குப் பதிலாகத் திருமுழுக்கு என்னும் தமிழ்ச்சொல் கத்தோலிக்கர் வழிபாட்டில் இடம்பெற்றது. வளர்ந்தோர் நெடுநாட் போதனை பெற்றே முழுக்குப் பெறும் ஆதித் திருச்சபையின் முறை 1972 இல் மீளமைக்கப்பட்டது. தொர்த்ரெக்டில் கூறப்பட்டுப் பின் கைவிடப்பட்ட போதனை முன்னுரிமை, மூன்றரை நூற்றாண்டின் பின் மற்றொரு திருச்சபையின் வழியாக நடைமுறைக்கு வந்தது எனலாம்.

முடிவுரை

ஊர்காவற்றுறைத் தீவுகளின் வரலாறு ஞானஸ்நானத்தைப் பற்றி ஓர் உண்மையை உணர்த்துகின்றது. அடையாளத்தை அளிக்கும் அதிகாரம் அரசுக்கும் திருச்சபைக்கும் இருந்திருக்கலாம். அதன் பொருளை அளிக்கும் அதிகாரம் அவற்றிற்கு இருந்ததில்லை. பதிவேட்டின் துணையால் இலட்சக்கணக்கானோரைக் கிறிஸ்தவராக்கிய ஆட்சி மறைந்தபோது, அதன் கிறிஸ்தவமும் பெரும்பாலும் உடன் மறைந்தது. அப்பதிவேட்டில் இடம்பெறாமல் இரவிலே நீர் பெற்றோரின் வழிபாடோ நின்று நிலைத்தது. அவ்வாறே, பதிவேட்டிற் பெயர் எழுதப்பட்டும் தம் வழிபாட்டைக் கைவிடாத சைவரின் ஆலயங்களும் மீண்டெழுந்தன. இவ்விரு சாராரும் சமயத்தால் வேறுபட்டோராயினும், அரசு எழுதிய பெயரைத் தம் உள்ளத்தின் பெயராக ஏற்க மறுத்தமையால் ஒத்தவராவர்.

எவ்வித பயனும் தராத காலத்திற் பெறப்படும் நீரே தன் பொருளை முற்றாக வெளிப்படுத்துகின்றது. அந்நீர் கழுவ வேண்டியவை இன்னும் பல உள. சாதி வேற்றுமை அவற்றுள் முதன்மையானது. தலைமீது மும்முறை வார்க்கப்படும் சிறிதளவு கிணற்று நீர் மனிதனை மனிதனோடு சமமாக்கும் என்ற பழைய வாக்குறுதி, தோம்பிலே நிறைவேறவில்லை. வாழ்விலே நிறைவேற வேண்டியதாகவே இன்னும் உள்ளது.